படம் வருமுன் கதை



சென்ற தவணையில் ஒருநாள், பாடசாலை கலையும் வேளையில், ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். அதிபரின் அறைக்குத் தாமாக வரும் பிள்ளைகள் மிகச் சிலர். பெரும்பாலும் எவரேனும் அனுப்பித்தான் வருவார்கள். ஆகவே, என்ன குற்றம் செய்துவிட்டு வந்தான் என்றே முதலில் எண்ணினேன். அவனோ, "சேர், பரசுராமர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டான்.

இக்கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை விசாரித்து அறிந்தேன். 2025ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி இந்தியாவில் 'மகாவதார் நரசிம்மா' என்னும் சித்திரப் படம் வெளியாயிற்று. நடிகர் எவரும் தோன்றாது, கணினியின் துணைகொண்டு உருவங்களை ஆக்கி அசைவூட்டிச் செய்த படம் அது. அஷ்வின் குமார் என்பார் இயக்கியது. இந்தி, கன்னடம் முதலிய மொழிகளோடு தமிழிலும் பேசிற்று. அதனை ஆக்கியோர் திருமாலின் அவதாரக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக இவ்வாறே எடுக்கப் போவதாகவும், அடுத்தது பரசுராமர் கதை என்றும், அதனை 2027இல் வெளியிடுவதென்றும் அதே ஆண்டில் அறிவித்தார்கள். சிங்க முகத்துப் பெருமானைக் கண்டு களித்த பிள்ளை, இனி வரவிருக்கும் மழு ஏந்திய முனிவரை எதிர்பார்த்திருக்கிறான். வருபவர் எத்தகையவர், யார் பக்கம் நின்று கைதட்டுவது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள விரும்புகிறான். நியாயமான விருப்பந்தான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல இயலவில்லை என்பதே உண்மை. தந்தையின் சொற்கேட்டுத் தாயின் தலையைக் கொய்தவர்; தந்தையைக் கொன்றோர்மீது கொண்ட சினத்தால் அரச குலத்தை இருபத்தொரு முறை வேரறுத்தவர்; வீட்டுமருக்கும் துரோணருக்கும் கர்ணனுக்கும் படைக்கலப் பயிற்சி தந்த ஆசிரியர்; அம்மாணாக்கருள் ஒருவனுக்கு, தன் தொடையை வண்டு துளைத்தபோதும் குருவின் துயில் கலையாதிருக்கப் பொறுத்துக்கொண்டவனுக்கு, சாபங் கொடுத்தவர். இத்தனையையும் ஒரே தராசில் இட்டு நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நிறுத்துச் சொல்ல எந்த அதிபரால் இயலும்? "உங்கள் வீட்டில் அம்மம்மா இருக்கிறாரா?" என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில் தங்களோடுதான் இருக்கிறார் என்றான். "அப்படியானால் அவரிடம் கேட்டுக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டேன் என்று நீங்கள் எண்ணலாம். ஓரளவுக்கு அது உண்மையே. ஆயினும் அவ்வாறு அனுப்பியதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லவே இன்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன். பழங்கதை ஒன்று படமாக வருகிறது என்று அறிந்தால், அப்படம் வருமுன்னரே அக்கதையைப் பிள்ளைகள் செவியால் கேட்டிருக்க வேண்டும். படத்தைப் பார்த்த பின்னர் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்களாயின், என் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் இருந்தமையால் ஐந்தாந் தரத்து வகுப்பொன்றுக்கு நான் செல்ல நேர்ந்தது. பாடவேளையைப் போக்கும் பொருட்டு, நாவல் மரத்துக் குரங்கும் முதலையும் நட்புக்கொண்ட பஞ்சதந்திரக் கதையைச் சொல்லி, அதனைச் சித்திரமாக வரையும்படி கேட்டேன். முப்பத்து நான்கு பிள்ளைகள். முப்பத்து நான்கு முதலைகள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. வெள்ளவத்தைப் பிள்ளை ஒருத்தி, தன் வீட்டு மாடியிலிருந்து நாள்தோறும் காணும் கால்வாயையே ஆறாக்கி, அதன் கரையிலே நாவல் மரத்தை நட்டிருந்தாள். கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன், முதலைக்குப் பின்னால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை நிறுத்தியிருந்தான். முதலையின் மனைவிக்கு மூக்குத்தி போட்டிருந்தாள் வேறொருத்தி. குரங்கின் ஈரலைத் தின்ன ஆசைப்பட்டவள் அவளல்லவா, அவளுக்கு நகையாசையும் இருக்குமென்று அப்பிள்ளை கருதினாள் போலும். சிங்களப் பிள்ளைகளும் இக்கதையை அறிவர். புத்த சாதகக் கதைகளில் இது வருகிறது. அங்கே குரங்கு தன் இருதயம் தொங்குவதாகக் காட்டுவது ஓர் அத்தி மரத்தை.

மறு வாரம் அவ்வகுப்புக்கே மீண்டும் சென்றேன். இம்முறை, மௌக்லி என்னும் காட்டுச் சிறுவனின் கதையில் வரும் பாலு என்ற கரடியை வரையச் சொன்னேன். கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் வாய் மூடுமுன் வண்ணப் பென்சில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. முப்பத்து நான்கு கரடிகளும் உடன்பிறந்த கரடிகள். அதே சாம்பல் கலந்த நீலம், அதே பெருவயிறு, இடுப்பை வளைத்து ஆடும் அதே கோலம். குறை சொல்லவில்லை; அழகாகவே வரைந்திருந்தார்கள். ஆனால் தனக்கென ஒரு கரடி அந்த வகுப்பில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அக்கரடி யாருடையது? 1967ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் படத்தில் உள்ளது. நூலை எழுதியவர் பம்பாயிற் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங்; ஆண்டு 1894. நூலைப் படித்தவர்கள் அறிவர், கிப்ளிங்கின் பாலு ஆட்டக்காரன் அல்லன். அவர் ஓர் ஆசிரியர்! ஓநாய்க் குட்டிகளுக்குக் காட்டின் சட்டத்தைப் போதிக்கும் முதிய கபில நிறக் கரடி. மௌக்லி பாடத்தைப் பிழைவிட்டால் ஓர் அடியும் போடுவார். இன்று அவ்வாறு செய்தால் வலயக் கல்விப் பணிமனைக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். 'கா' என்னும் மலைப்பாம்பு, நூலில் மௌக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்கும் பெருந்துணைவன். படத்திலோ அவனை விழுங்கப் பார்க்கும் வஞ்சகன். குரங்குகளுக்குப் படத்தில் ஓர் அரசன் இருக்கிறான்; கிப்ளிங்கின் குரங்குகளுக்கு அரசனும் இல்லை, சட்டமும் இல்லை; அதுவே அவற்றின் இழிவு என்கிறது நூல். இந்நூலைப் படிக்கவே வேண்டாம் என்று டிஸ்னி தம் கதையாசிரியருக்குச் சொன்னதாக அப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் குறிப்பிடுவர். அவர் தம் படத்தைத் தம் விருப்பப்படி செய்தார். அது கலைஞரின் உரிமை. பாலு ஓர் ஆசிரியர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் நாம்.

இவ்வளவும் சொன்னதால், சித்திரப் படங்களுக்கு நான் பகைவன் என்று கொள்ளலாகாது. அவற்றின் பின்னாலுள்ள உழைப்பை எண்ணினால் தலை தாழும். திரையில் ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடுகின்றன. 1937இல் வந்த டிஸ்னியின் 'வெண்பனி' இளவரசியின் கதை எண்பத்து மூன்று நிமிடம் ஓடுவது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 120,000 படங்கள். கணினி வராத காலத்தில் மனிதக் கை வரைந்து, மனிதக் கை வண்ணந் தீட்டியவை.

நம் கதைகளுக்கும் அத்தகைய உழைப்பு வாய்த்ததுண்டு. யூகோ சாக்கோ என்னும் ஜப்பானியர் 1980களில் இந்தியாவில் விவரணப் படம் ஒன்று எடுக்க வந்த இடத்தில் இராம காதையில் ஈடுபட்டு, அதனைச் சித்திரப் படமாக்கியே தீர்வதென்று முனைந்தார். இந்தியக் கலைஞர் ராம் மோகன் அவரோடு இணைந்தார். ராம் மோகன் இத்தொழிலைப் பயின்றது இந்திய அரசின் திரைப்படப் பிரிவில். அங்கே கிளெயர் வீக்ஸ் என்னும் டிஸ்னிக் கலைஞர் வந்து பயிற்சியளித்தார். அப்பயிற்சியின் பயனாக 1957இல் வெளிவந்த குறும்படமும் ஆலமானைப் பற்றிய புத்த சாதகக் கதையே. இருவரும் பிறரும் கூடி ஆக்கிய இராமாயணப் படம் 1992இல் நிறைவெய்தியது. ஆனால் அது தமிழ் பேசி இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது 2025ஆம் ஆண்டு சனவரி 24ஆம் திகதியன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல்! அதனை 1992இல் பார்த்திருக்க வேண்டிய பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். சாக்கோவோ 2012இல் காலமாகிவிட்டார். படத்தைக் காத்திருப்பதென்றால் இப்படியும் காத்திருக்க நேரிடும். கதையை இன்றிரவே சொல்லலாம்.

நரசிம்மர் படத்துக்கு வருகிறேன். படமாளிகையிலும் கைப்பேசியிலுமாகப் பார்த்துவிட்டு வந்த எங்கள் பிள்ளைகள், தூண் பிளந்ததையும் சிங்கம் கர்ச்சித்ததையும் கை கால்களால் நடித்துக் காட்டினார்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை. அவர்களுள் ஒரே ஒரு மாணவி மட்டும், "பிரகலாதனுக்குப் படிப்பித்த வாத்தியாருக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவள் அப்பாச்சியிடம் கதை கேட்டு வளர்ந்தவள் என்பதை விசாரியாமலே அறிந்தேன். ஏனெனில், கதையாகக் கேட்கும்போது அவ்வாசிரியர் மறக்க முடியாத ஆள். கம்பர், வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் வைத்து, விபீடணன் இராவணனுக்கு எடுத்துரைப்பதாக அமைத்திருக்கிறார். அங்கே ஆசிரியர் அரசனின் பெயரைச் சொல்லிப் பாடந் தொடங்கச் சொல்கிறார். மாணாக்கன் இரு கைகளாலும் செவியைப் பொத்திக்கொள்கிறான். ஆசிரியர் நடுங்குகிறார். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், அம்மனிதர்மேல் எனக்கு என்றும் இரக்கம் உண்டு. மேலிடத்துக் கட்டளை ஒருபுறம், உண்மையைச் சொல்லும் பிள்ளை மறுபுறம். இரணியன் வதைக் கதையை ஒரு பள்ளிக்கூடக் கதையாகவும் கேட்கலாம் என்பதை அம்மாணவியின் அப்பாச்சி எப்படியோ அவளுக்கு உணர்த்தியிருக்கிறார். அவளும் அதே படத்தைத்தான் பார்த்தாள். மற்றவர்களைப் போலவே சிங்கத்தையும் இரசித்தாள். ஆனால் அவள் கையில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

பரசுராமர் கதையில் இந்தத் தேவை இன்னும் பெரிது. அவருடைய தாய் இரேணுகை, நாள்தோறும் ஆற்று மணலைக் குடமாக வனைந்து, சுடாத அக்குடத்திலே நீர் முகந்து வருவாள் என்பது நம் மூதாட்டியர் சொல்லும் வரலாறு. ஒருநாள், வானிலே சென்ற கந்தருவனின் நிழலை நீரில் கண்டு ஒரு கணம் வியந்தாள், குடம் கரைந்தது. கணவர் சமதக்கினி முனிவர் சினந்து, அவள் தலையைக் கொய்யும்படி பிள்ளைகளைப் பணித்தார். மூத்தவர்கள் மறுத்தார்கள், இளையவர் பரசுராமர் செய்து முடித்தார். மகிழ்ந்த தந்தை வரம் கேள் என்றபோது, தாய் உயிர்பெற்று எழ வேண்டும், நடந்தது அவள் நினைவில் இருக்கக் கூடாது என்று கேட்டார். இது பாரதம் கூறுவது.

ஆனால் ஊர்க் கதை அவ்விடத்தில் நிற்பதில்லை. உயிர்ப்பிக்கும் அவசரத்தில் இரேணுகையின் தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்திவிட்டதென்றும், அவளே மாரியம்மனாக எழுந்தருளினாள் என்றும் தமிழகத்துக் கிராமங்கள் சொல்லும். திருவண்ணாமலை மாவட்டத்துப் படைவீட்டில் இரேணுகாம்பாளாக அவளை வழிபடுகிறார்கள். மாரியம்மன் கோவில் மணியோசை கேட்கும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இக்கதையை அறிந்த முதியோர் இருக்கிறார்கள். கவனியுங்கள்: புராணத்தில் மகனுடையதாக இருந்த கதை, அம்மம்மாவின் வாயிலே தாயினுடையதாக மாறிவிடுகிறது. வரப்போகும் படம் மழுவேந்திய மகனின் பெயரைத் தாங்கியது. அதிலே தாய்க்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவார்களோ, நான் அறியேன். எவ்வளவு நேர்மையாக எடுத்தாலும் ஒரு படம் ஒரு பாதையைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். அப்பாதையே கதை என்று முப்பத்து நான்கு பிள்ளைகள் வரையத் தொடங்குமுன், மற்றப் பாதையும் ஒன்றுண்டு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. தாயின் தலையை மகன் கொய்யும் கதையைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா? என் வகுப்பறைகளில் சைவப் பிள்ளைகளோடு கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்; ஒருவருக்கு வழிபாடாக இருப்பது மற்றவருக்குக் கதை. இவற்றையெல்லாம் எண்ணி நான் தயங்கியதுண்டு. ஆயினும் திரையில் மழு வீசப்படும்போது அதன் ஓசை ஒலிபெருக்கியில் முழங்கும். பிள்ளை கண்ணை மூடினாலும் காதில் விழும். அம்மம்மா சொல்லும்போது, எவ்விடத்தில் குரலைத் தாழ்த்துவது, எதனை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பது என்பதை முன்னால் இருக்கும் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார். அந்த வசதி எந்தப் படமாளிகையிலும் இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின், டைட்டஸ் தொட்டவத்தை என்னும் கலைஞர் அயல்நாட்டுச் சித்திரத் தொடர்களைச் சிங்களத்தில் பேசவைத்தார். டொக்டர் டூலிட்டிலின் கதை 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆயிற்று. மேலைநாட்டுப் பூனை ஒன்று 'பிஸ்ஸு பூஸா' ஆயிற்று. வெறும் மொழிபெயர்ப்பு அன்று அது. அப்பூனை மருதானைச் சந்தியில் வளர்ந்த பூனையைப்போலப் பேசிற்று. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளாகிய நாங்களும் பார்த்துச் சிரித்தோம். எங்களிற் பலர் சிங்களம் கற்றதில் அப்பூனைக்கும் பங்குண்டு. தமிழில் நமக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. நமக்கு வரும் தமிழ்ப் படங்கள் சென்னையில் குரல் பெறுகின்றன. அது தமிழ்தான், அதன்மேல் எனக்குக் கசப்பில்லை. ஆனால் பிரகலாதன் ஒருதடவையேனும் "அப்பு" என்று தந்தையை அழைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. அவ்வாறு அழைக்கும் பிரகலாதன் இப்போதைக்கு வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறான்.

திண்ணை எங்கே இருக்கிறது என்று வெள்ளவத்தை நேயர்கள் கேட்பார்கள். உண்மைதான். காலி வீதியின் இருமருங்கும் எழுந்துள்ள மாடிக் குடியிருப்புகளில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, பிள்ளை பாடசாலை முடிந்து நேரே தனியார் வகுப்புக்குப் போய், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறது. அம்மம்மா யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. அங்கே இரண்டு அறைகளில் மூன்று தலைமுறைகள் கூடி வாழும் வீடுகள் பல உண்டு. கதை தெரிந்தவரும் அதே கூரையின் கீழ் இருக்கிறார். ஆனால் அவரிடம் எவரும் கேட்பதில்லை. வசதியுள்ள இடத்தில் ஆள் இல்லை. ஆள் உள்ள இடத்தில் அவருக்கு மதிப்பில்லை. பெற்றோர் கூட்டங்களில் புள்ளிகளைப் பற்றிப் பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் நெடுங்காலம் பேசியதில்லை.

தொலைவிலுள்ள அம்மம்மாவைக் காணொளி அழைப்பில் பிடித்துக் கதை சொல்ல வைக்கும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். நேரவேறுபாட்டால் அங்கே காலைத் தேநீரோடு அவர் சொல்ல, இங்கே பிள்ளை இரவுச் சாப்பாட்டோடு கேட்கிறது. அதுவும் வாய்க்காதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, வெள்ளவத்தையில் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு ஞாயிறு போதும். எங்கள் பாடசாலையில் இத்தவணை முதல் வெள்ளிக்கிழமைகளில் இறுதிப் பாடவேளையைக் கதைக்கென ஒதுக்கி, மாணவரின் பாட்டன் பாட்டியரை ஒவ்வொருவராக அழைத்து வருகிறோம். முதல் வாரம் வந்தவர், கதிரையில் அமர மறுத்துத் தரையில் உட்கார்ந்தார்; பிள்ளைகளும் வாங்குகளை ஒதுக்கிவிட்டு அவரைச் சுற்றி அமர்ந்துகொண்டார்கள். மணி அடித்தும் எழவில்லை. பாடசாலைப் பேருந்துச் சாரதி வந்து கூப்பிட வேண்டியதாயிற்று.

பரசுராமரைப் பற்றிக் கேட்ட மாணவன் ஒரு வாரத்தின் பின் மீண்டும் வந்தான். மணற்குடம், கந்தருவ நிழல், தலை மாறிய வரலாறு எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை அவன் மறந்தே விட்டான். இப்போது வேறொன்று கேட்டான்: "அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமென்று வரம் வாங்கினால், அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவே முடியாதே, சேர்?"

இதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. அம்மம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் தெரியாது என்று சொன்னவ" என்றான். படத்தில் இதற்கு ஏதும் சொல்கிறார்களா என்று பார்த்துவந்து எங்கள் இருவருக்கும் தெரிவிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அம்மம்மாவையும் படமாளிகைக்கு அழைத்துச் செல்வதாம்; அவருக்குப் படிகள் ஏற முடியாதென்பதால், கீழ்த்தட்டில் இடம் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறான்.